மைனஸ் ஆர் என்றொரு பைல்

திருகோணமலையில் எங்கள் அப்பாவுக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணக் காட், கோவில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், இவற்றோடு கல்வெட்டும் அடிக்கிறோம். கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை. ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு மலருக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, பேரப்பிள்ளைகள் எழுதிய கவிதை, நிறையப் படங்கள். கல்யாணக் காட்டில் பிழை வந்தால் திரும்ப அடித்துக் கொடுத்துச் சமாளிக்கலாம். கல்வெட்டுக்கு நாள் போனால் போனதுதான். அப்படிப்பட்ட ஒரு வேலையில் 212 படங்களை நானே, என் கையாலேயே, ஒரே வரியில் அழித்தேன். வைரஸ் இல்லை, மின்வெட்டு இல்லை, ஹாட் டிஸ்க் பழுதும் இல்லை. ஒரு பைலின் பெயருக்கு முன்னால் இருந்த ஒரு சிறு கோடு, மைனஸ்.

அந்த இரவு கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இருக்கவில்லை. தேடிப் படித்தவையும் ஏற்கெனவே தெரிந்தவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொள்வது போலவே இருந்தன. அதனால் பட்டதை அப்படியே எழுதுகிறேன். கட்டளைகளை வாயால் சொல்வது போலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். கொப்பி பண்ணி ஒட்ட முடியாதே என்று குறைப்படாதீர்கள். ஒட்டாமல் கையால் தட்டுவதே நல்லது என்பதற்கும் இந்தக் கதையில் ஒரு இடம் வரும்.

2022இல் பொருளாதார நெருக்கடியில் நாடு இருந்த நிலையில் புது கொம்பியூட்டர் வாங்குவதை நினைத்தே பார்க்க முடியாது. கடையில் இருந்த பழைய லப்டொப்பில் விண்டோஸ் இழுத்து இழுத்துக் கிடந்தது. மெல்பேர்னில் இருக்கும் சித்தப்பாவின் மகன் போனில் சொல்லித் தரத் தர, அதில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச லினக்ஸ் போட்டேன். மெஷின் உயிர் வந்தது போல ஓடியது. அவனே டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையில், பத்துப் பதினைந்து கட்டளைகளும் சொல்லித் தந்தான். போல்டரில் இருப்பதைக் காட்ட எல்எஸ், கொப்பி பண்ண சிபி, நகர்த்த அல்லது பெயர் மாற்ற எம்வி, அழிக்க ஆர்எம், பல பைல்களை ஒரே பொதியாகக் கட்ட ஜிப், டார். மவுஸால் பத்து நிமிடம் மினக்கெடும் வேலையை ஒரு வரியில் முடித்ததும் எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. மற்றவர்கள் முன்னால் வேண்டுமென்றே கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டுவேன். அந்தத் திமிரையும் நடந்ததன் காரணங்களில் ஒன்றாகவே எழுதிவிடுகிறேன்.

போன வருடம் உப்புவெளியில் இருந்து ஒரு அக்கா வந்தார். தாய் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கையில் நான்கு அல்பம். செத்த வீட்டுக்கு வந்த தம்பி அடுத்த கிழமை கனடாவுக்குத் திரும்பும்போது அல்பங்களைக் கொண்டுபோகப் போகிறார், அதற்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி எடுத்துவிட வேண்டும் என்றார். "பிள்ளை, இதுகள் இடம்பெயர்ந்த நேரத்தில அம்மா உடுப்பை விட்டுட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினது. கவனம்." நான் தலையாட்டினேன். சனி ஞாயிறு இரண்டு இரவும் இருந்து முதல் அல்பத்தின் 84 படங்களையும் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணினேன். நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்று சுருக்காமல் சேமித்தால் கிட்டத்தட்ட 26 எம்பி வரும்.

திங்கட்கிழமை காலை ஒரு பிரதி எடுத்து வைப்போம் என்று டார் கட்டளையைத் தட்டினேன். டாருக்கு மைனஸ் சிஎஃப் போட்டு, கட்ட வேண்டிய பொதியின் பெயரைக் கொடுத்து, அதன் பிறகு போல்டரின் பெயரைக் கொடுக்க வேண்டும். ஜிப்புக்கு மைனஸ் ஆர் போட்டுப் போட்டுப் பழகிய கை, இங்கேயும் மைனஸ் சிஎஃப்புக்கு அடுத்ததாக மைனஸ் ஆரைத் தட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் 'பிரதி' என்ற பெயரும் 'ஸ்கேன்' என்ற போல்டரும் வந்தன. கொஞ்ச நேரம் ஓடியது. 'பிரதி' என்று ஒன்று இல்லை, முந்திய பிழையால் தோல்வியோடு முடிகிறேன் என்று இங்கிலீசில் திட்டிவிட்டு நின்றது. சரி, எதையோ பிழையாகத் தட்டிவிட்டோம் என்று மைனஸ் ஆரை எடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டினேன். இந்த முறை ஒழுங்காகக் கட்டியது. அதைப் பென் டிரைவில் போட எழும்பும்போது ஒரு கல்யாணக் காட் ஓடர் வந்தது. பிறகு மறந்தே போனேன்.

முதல் முறை உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குப் பல நாள் கழித்துத்தான் விளங்கியது. கட்டளையோடு சிறு கோடு போட்டுச் சேர்க்கும் எழுத்துகளை ஒப்ஷன் என்பார்கள். சில ஒப்ஷன்கள் தனியாக நிற்கும். சில, தனக்குப் பக்கத்தில் வருவதைத் தன் பங்காக எடுத்துக்கொள்ளும். டாரின் எஃப் இரண்டாவது ரகம். 'எனக்கு அடுத்து வருவதுதான் பொதியின் பெயர்' என்று எடுத்துவிடும். அடுத்து வந்தது மைனஸ் ஆர். அது ஒப்ஷன் போலத் தோன்றுகிறதே என்றெல்லாம் எஃப் யோசிக்காது. மைனஸ் ஆர் என்ற பெயரிலேயே ஒரு பொதியைக் கட்டிவிட்டது. நான் நினைத்த 'பிரதி' என்ற பெயர், கட்ட வேண்டிய பைல்களின் வரிசையில் போய் நின்றது. அப்படி ஒரு பைல் இல்லை, அதனால்தான் அந்தத் திட்டு. ஆனால் பின்னால் நின்ற 'ஸ்கேன்' போல்டரை அது ஒழுங்காகவே உள்ளே போட்டிருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிழைச் செய்தி வந்தால் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று நான் எடுத்துக்கொள்வேன். பாதி நடந்திருக்கலாம். பிழை வந்தவுடன் எல்எஸ் தட்டிப் புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தக் கிழமை முழுவதும் இரவில் மிச்ச மூன்று அல்பங்களையும் ஸ்கேன் பண்ணினேன். கோட்டை வாசலில் மான்களோடு நின்று எடுத்த ஒரு படம், கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் ஈரத் தலையோடு ஒரு படம், கோணேசர் கோவில் படியில் பிள்ளைகள் வரிசையாக ஒரு படம். பூஞ்சணம் பிடித்த இடங்களைத் திருத்தி 'திருத்தியவை' என்று இன்னொரு போல்டரில் போட்டேன். வெள்ளிக்கிழமை தம்பியார் வந்து அல்பங்களை வாங்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை இரவு அவர் விமானம் ஏறினார். அதே சனிக்கிழமை இரவுதான் நான் துப்புரவாக்க உட்கார்ந்தேன்.

போல்டரின் மேல்தட்டில் சோதனைக்கு அடித்த பக்கங்கள், பாதியில் விட்ட வரைவுகள் என்று முப்பது நாற்பது பைல் சிதறிக் கிடந்தது. படங்கள் உள்ளே இருந்த இரண்டு போல்டர்களில் பத்திரம். ஆர்எம் நட்சத்திரம் (நட்சத்திரக் குறி என்றால் 'எல்லாம்') என்று தட்டினால் மேலே கிடக்கும் பைல்கள் மட்டும் போகும், போல்டர்களைத் தொடாது, 'இது ஒரு போல்டர்' என்று முறைப்பட்டுவிட்டு விட்டுவிடும். இது பல முறை செய்து பார்த்த வேலை. தட்டினேன். முறைப்பாடு வரவில்லை. கர்சர் அடுத்த வரியில் சும்மா மினுங்கியது. அந்த அமைதியில் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. எல்எஸ் தட்டினேன். முழுப் போல்டரிலும் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பைல். அதன் பெயர் மைனஸ் ஆர்.

ஏன் இப்படி நடந்தது என்பதை எங்கள் கடையை வைத்தே சொல்லலாம். முன் மேசையில் அப்பா இருப்பார். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு ஒரு துண்டில் எழுதிப் பின்னால் மெஷின் அண்ணாவிடம் அனுப்புவார். மெஷின் அண்ணாவுக்கு வாடிக்கையாளரின் முகம் தெரியாது, துண்டு மட்டும்தான் தெரியும். டெர்மினலிலும் இதே மாதிரி இரண்டு பேர். முன்னால் இருப்பது ஷெல். பின்னால் இருப்பது ஆர்எம், டார் போன்ற புரோகிராம். நட்சத்திரத்தைப் பார்ப்பது ஷெல்தான். 'எல்லாம்' என்று நீங்கள் சொன்னதும் அங்கே இருக்கும் ஒவ்வொரு பைலின் பெயரையும் வரிசையாகத் துண்டில் எழுதி உள்ளே கொடுத்துவிடும். ஆர்எம்முக்கு நட்சத்திரம் ஒன்று இருந்ததே தெரியாது. அதன் கைக்கு வந்த துண்டில் நாற்பது பெயர்கள், அவற்றுக்கு நடுவே 'மைனஸ் ஆர்' என்றும் ஒன்று. அது பைலின் பெயரா, முதலாளியின் உத்தரவா? சிறு கோட்டில் தொடங்கினால் உத்தரவு என்பதுதான் அதற்குத் தெரிந்த சட்டம். மைனஸ் ஆர் என்றால் போல்டர்களுக்குள்ளும் இறங்கி எல்லாவற்றையும் அழி என்று பொருள். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஜிஎன்யூ என்ற தொகுப்பின் புரோகிராம்கள், ஒப்ஷன் அந்த வரிசையின் எந்த இடத்தில் நின்றாலும் எடுத்துக்கொள்ளும். அது சொன்னபடி செய்தது. மைனஸ் ஆர் என்ற பைலை மட்டும் அழிக்கவில்லை, ஏனென்றால் அதை ஒரு பைலாக அது பார்க்கவே இல்லை.

இந்த இரண்டு பேர் விஷயம் விளங்கினால் மற்றது எல்லாம் தானாக விளங்கும். எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. அழுதுகொண்டே செய்த முதல் முட்டாள்தனம், அந்த மைனஸ் ஆரைத் தொலைத்துவிட வேண்டும் என்று நின்றது. பாம்பைக் கண்டவுடன் தடியைத் தூக்குகிற மாதிரி. ஆர்எம் மைனஸ் ஆர் என்று தட்டினால் 'எதை அழிக்க என்று சொல்லவில்லையே' என்கிறது. சரி, பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்தேன். அதே பதில். இடைவெளி உள்ள பெயர்களை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும் என்று படித்திருந்ததால் மேற்கோள் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைத்திருந்தேன். மேற்கோள் முன் மேசையில் இருக்கும் ஷெல்லுக்கு மட்டும்தான். 'இதைப் பிரிக்காதே, இதில் உள்ள நட்சத்திரத்தை விரிக்காதே' என்று ஷெல்லுக்குச் சொல்கிறோம். ஷெல் சரி என்று மேற்கோளைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே அனுப்பும். உள்ளே இருப்பவர் கையில் மறுபடியும் வெறும் மைனஸ் ஆர்.

இரவு 11 மணிக்கு மெல்பேர்ன்காரனை எழுப்பினேன். அவனுக்கு விடிய இன்னும் நேரம் இருந்தது. படங்கள் போன விஷயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, 'ஒரு பைல் அழிய மாட்டேன் என்கிறது' என்று மட்டும் சொன்னேன். அரைத் தூக்கத்தில் ஐபோனில் இருந்து வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினான். ஆர்எம், இரண்டு கோடு, மைனஸ் ஆர். இரண்டு கோடு தனியாக வந்தால் 'ஒப்ஷன்கள் இத்தோடு முடிந்தன, இனி வருவதெல்லாம் பெயர்கள்' என்று புரோகிராமுக்கு அர்த்தம். லினக்ஸ் போன்ற அமைப்புகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்திலேயே இருக்கிற வழக்கம் அது. நான் அதை அப்படியே கொப்பி பண்ணி லப்டொப்பில் ஒட்டினேன். 'அப்படி ஒரு பைல் இல்லை' என்றது. இன்னும் இரண்டு முறை ஒட்டினேன். அதே பதில். கோபத்தில் மூடிவிட்டுப் படுத்தேன்.

நடந்தது இதுதான். ஐபோனில் இரண்டு சிறு கோட்டை அடுத்தடுத்துத் தட்டினால், அமைப்பை மாற்றியிருக்காவிட்டால், அது அழகுக்காக ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். பார்க்க ஒரே மாதிரி. ஆனால் நீளக் கோடு வேறு எழுத்து. ஆர்எம்முக்கு அது ஒரு பைலின் பெயர். நேரான மேற்கோளும் இப்படித்தான் வளைந்த மேற்கோளாக மாறும், வளைந்ததை ஷெல் மேற்கோளாகவே கணக்கெடுக்காது. வட்ஸ்அப்பில் ஒரே வரியில் இரண்டு நட்சத்திரம் இருந்தால் இரண்டையும் விழுங்கிவிட்டு நடுவில் இருப்பதைத் தடித்த எழுத்தாக்கிக் காட்டும் ஆபத்தும் உண்டு. கையால் தட்டுங்கள் என்று முதலில் சொன்னதன் காரணம் இது. ஆனால் அன்றைக்கு அந்த நீளக் கோடு எனக்குச் செய்த உபகாரத்தை நினைத்தால் இன்றும் கை நடுங்கும். ஏன் என்று பிறகு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இணையத்தில் மீட்பு மென்பொருள்களைத் தேடி, அதே டிஸ்க்கிலேயே இறக்கி, அதே டிஸ்க்கிலேயே நிறுவிப் பார்த்தேன். இதை யாரும் செய்யாதீர்கள். அழித்த பைல் உடனே மறைந்துவிடாது, அந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அங்கே புதிதாக ஏதாவது எழுதப்பட்டால்தான் உண்மையில் போகிறது. நான் மீட்கிறேன் என்று நினைத்து மணித்தியாலக் கணக்காக அதன் மேலேயே மண் போட்டுக்கொண்டிருந்தேன். செய்ய வேண்டியது மெஷினை நிறுத்திவிட்டு டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டுவது. பழைய சுழலும் டிஸ்க்காக இருந்ததால் கொஞ்சமாவது தப்பியது. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் காலி இடத்தை அதுவே பின்னணியில் துடைத்துவிடும், நம்பிக்கை இன்னும் குறைவு.

திங்கள் இரவு பஸ் ஏறி ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போனேன். ஒரு மீட்பு நிலையத்தில் பார்ப்பதற்கு மட்டும் 8,500 ரூபா. முழுவதும் மீட்க 75,000 ரூபா, அதிலும் எத்தனை படம் வரும் என்று உறுதி இல்லை. 'மென்பொருள் போட்டுப் பார்த்தீர்களா?' என்று கேட்டார்கள், ஆம் என்றதும் முகத்தைப் பார்த்த விதம் இன்னும் மறக்கவில்லை. கல்வெட்டு வேலைக்கு நாங்கள் பேசியிருந்த மொத்தக் கூலியே அதில் முக்கால்வாசி வராது. டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். இரண்டு நாள், பஸ் காசு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 13,000 ரூபா போனது. அப்பாவிடம் 'பேப்பர் விலை கேட்கப் போனேன்' என்று பொய்.

புதன்கிழமை மெல்பேர்ன்காரனிடம் முழு உண்மையையும் சொன்னேன். வீடியோ கோலில் திரையைக் காட்டச் சொன்னான். எல்எஸ் மைனஸ் எல் தட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அக்கா, அந்த மைனஸ் ஆருக்குப் பக்கத்தில இருக்கிற நம்பரை வாசியுங்கோ." வாசித்தேன். கிட்டத்தட்ட 2.1 ஜிபி. "சும்மா ஒரு பிழையான பைலுக்கு அவ்வளவு பெரிசு எங்கால வரும்?" புள்ளி, சரிவுக் கோடு, பிறகு மைனஸ் ஆர் என்று பெயரைக் கொடுத்து, பைல் என்ற கட்டளையால் அது என்ன இனம் என்று பார்க்கச் சொன்னான். டார் பொதி என்று பதில் வந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை பிழையாகக் கட்டிய பொதி. முதல் அல்பத்தின் 84 படங்களும் உள்ளே இருந்தன. ஒழுங்காகக் கட்டிய இரண்டாவது பொதி நட்சத்திரத்தோடு போய்விட்டது. எல்லாவற்றையும் கொன்றது எதுவோ அதன் வயிற்றுக்குள்ளேதான் மிச்சம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை ஐபோன் இரண்டு கோட்டை ஒட்டாமல் அனுப்பியிருந்தால் அதையும் நானே அழித்திருப்பேன்.

புள்ளியும் சரிவுக் கோடும் என்ன செய்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன், இந்த முழுக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும் எடுத்துப் போவதென்றால் அதை எடுங்கள். ./ என்றால் 'இங்கே, இந்தப் போல்டரில்' என்று பொருள். அதைப் பெயரின் முன்னால் வைத்தால் பெயர் கோட்டில் தொடங்காது, புள்ளியில் தொடங்கும். எந்தப் புரோகிராமும் அதை ஒப்ஷன் என்று நினைக்காது. இரண்டு கோடு முறை எல்லோருக்கும் ஒத்துவராது. சொன்னதை அப்படியே திரையில் அடிக்கும் எக்கோவுக்குக் கொடுத்தால் அந்த இரண்டு கோட்டையும் சேர்த்தே திரையில் அடிக்கும். பைல்களைத் தேடும் ஃபைண்ட் அதை ஒழுங்காக மதிக்காது. பெயரே வெறும் ஒற்றைக் கோடாக இருந்தால், பைலின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் போன்ற பல புரோகிராம்கள் இரண்டு கோட்டுக்குப் பிறகும் அதை விசைப்பலகையில் இருந்து வரும் உள்ளீடு என்றே எடுத்துக்கொண்டு காத்துக் கிடக்கும். ./ எங்கேயும் தவறாது. நட்சத்திரத்துக்கும் அதே. ஆர்எம் ./* என்று தட்டியிருந்தால் ஷெல் எல்லாப் பெயர்களையும் புள்ளியும் சரிவுக் கோடும் சேர்த்தே எழுதியிருக்கும், போல்டர்கள் தப்பியிருக்கும்.

எரிச்சலான விஷயம் ஒன்று. பிறகு சோதனைக்கு 'அம்மா' என்ற பெயருக்கு முன்னால் கோடு வைத்து ஒரு பைல் உருவாக்கி அழிக்கப் பார்த்தேன். ஆர்எம் 'அப்படி ஒரு ஒப்ஷன் இல்லை' என்றது, அதோடு 'இந்தப் பைலை அழிக்க வேண்டுமானால் ./ போட்டுப் பார்' என்று தானாகவே சொல்லியும் தந்தது. ('அ' என்ற எழுத்து எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப் 8 முறையில் மூன்று பைட். ஆர்எம் முதல் பைட்டை மட்டும் பிய்த்து எடுத்துக் காட்டியதால் திரையில் ஒரு கேள்விக்குறிச் சதுரம்தான் தெரிந்தது.) ஆபத்தில்லாத இடத்தில் இவ்வளவு அன்பாகப் புத்தி சொல்கிறது. பெயர் தற்செயலாக உண்மையான ஒப்ஷனாக அமைந்துவிட்டால் மட்டும் வாயே திறக்காது.

மிச்சம் 128 படங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இன்னொரு மெஷினில் போட்டு, டிஸ்க்கை அதில் மாட்டி ஒரு இரவு ஓடவிட்டேன். அது பைல்களின் பெயரைப் பார்க்காது, உள்ளடக்கத்தின் தொடக்க அடையாளத்தை வைத்துப் பொறுக்கும். நாலாயிரத்துச் சொச்சப் படங்களைப் பெயர் இல்லாமல் கொட்டியது, பத்து வருடக் கல்யாணக் காட், பிறந்தநாள் பனர் எல்லாம் கலந்து. நானும் தங்கச்சியும் மாறி மாறிப் பார்த்து 61 படங்களைப் பொறுக்கினோம். மிச்சம் 67ஐக் கேட்க கனடாவுக்கு எடுக்கத்தான் வேண்டியிருந்தது. தம்பியார் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அல்பத்தில் இருந்தபடியே போனால் எடுத்து அனுப்பினார். முதல் பத்தும் மங்கலாக வந்தன. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே வரும். அதைச் சொல்லித் திரும்ப அனுப்புவித்தேன்.

பொறுக்கிய படங்களுக்குப் பெயர் வைக்கும்போதுதான் அடுத்த பாடம். பெயர்ப் பட்டியல் கடையின் பழைய பாமினி எழுத்துருவில் தட்டியது. பாமினியில் நாங்கள் காண்பது தமிழ், உள்ளே இருப்பது இங்கிலீஸ் எழுத்துகளும் குறிகளும். 'தமிழ்' என்று தட்டினால் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. மேலே வைக்கும் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு அரைப்புள்ளி. நான் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எம்வி என்று சேர்த்து ஒரே அடியாக ஓட்டினேன். ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் 'ஒரு கட்டளை முடிந்தது, அடுத்ததைத் தொடங்கு'. தமிழில் மெய்யெழுத்து வருகிற இடம் எல்லாம் வரியை வெட்டி, பாதிச் சொல்லை ஒரு கட்டளையாக ஓட்டப் பார்த்து, 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று திரை நிறையக் கொட்டியது. நல்ல காலம், அந்தப் பாதிச் சொற்களில் ஒன்றும் உண்மையான கட்டளையாக அமையவில்லை. பெயர்களை ஒட்டிக் கட்டளை தயாரிப்பதையே அன்றோடு விட்டேன். ஒற்றை மேற்கோளுக்குள் இருந்தால் அரைப்புள்ளியும் டொலர் குறியும் சும்மா எழுத்துகள்தான். இரட்டை மேற்கோளுக்குள் டொலர் குறிக்கு இன்னும் உயிர் இருக்கும்.

இடைவெளியும் இதே குடும்பம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பில் ஒவ்வொரு பைலாக எடுக்கும்போது, பெயரைத் தாங்கும் மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் போடாவிட்டால் 'அம்மா கல்யாணம்' இரண்டு பைலாகப் பிரியும். லினக்ஸில் ஒரு பெயருக்குள் சரிவுக் கோடும் பூச்சிய பைட்டும் தவிர எதுவும் வரலாம், புதுவரி கூட. அதனால்தான் ஃபைண்டில் இருந்து, பெயர்களை வாங்கி இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸுக்குப் பெயர்களைக் கொடுக்கும்போது பூச்சிய பைட்டால் பிரிக்கும் ஒப்ஷனைப் போடச் சொல்கிறார்கள். அது 2024இல் வந்த போசிக்ஸ் பதிப்பில்தான் தரத்துக்குள்ளேயே வந்தது. இன்னொன்று, கனடாவில் இருந்து வந்த ஒரு பைலின் பெயர் 'கோணேசர் கோவில்'. அதே பெயரை நான் தட்டினால் இல்லை என்கிறது. 'கோ' என்பதைக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு துண்டாகவும் வைக்கலாம், ககரம், ஏகாரக் குறி, கால் என்று மூன்று துண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை, மெஷினுக்கு இரண்டும் வேறு. அரை மணித்தியாலம் தலையைப் பிய்த்த பிறகு, பெயரைத் தட்டாமல் டாப் விசையை அழுத்தி அதையே நிரப்ப விட்டேன்.

இப்போது அழிக்க முன்னம் அதே வரியின் முன்னால் எக்கோ போட்டு ஒரு தடவை ஓட்டுகிறேன். ஷெல் துண்டில் என்ன எழுதப் போகிறது என்று அது காட்டிவிடும், கோட்டில் தொடங்கும் பெயர் இருந்தால் கண்ணில் குத்தும். ஆர்எம்முக்குப் பெரிய ஐ என்று ஒரு ஒப்ஷன் இருக்கிறது. மூன்றுக்கு மேற்பட்ட பைல் என்றாலோ, போல்டருக்குள் இறங்கப் போகிறது என்றாலோ ஒரே ஒரு தடவை கேட்கும். சின்ன ஐ ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கழுத்தறுக்கும், நாலாவது கேள்வியில் நான் வாசிக்காமலே ஆம் என்று தட்டுவேன் என்று எனக்கே தெரியும். உண்மையைச் சொன்னால் இப்போது பாதி நாள் மவுஸால்தான் அழிக்கிறேன். அது குப்பைத்தொட்டிக்குப் போகும், திரும்ப எடுக்கலாம். ஆர்எம்முக்குக் குப்பைத்தொட்டி இல்லை. தங்கச்சி நக்கல் அடிக்கிறாள். அடிக்கட்டும்.

31ஆம் நாளுக்கு இரண்டு நாள் முன்னம், விடியப்புறம் இரண்டு மணிக்குக் கடைசிப் பக்கம் மெஷினில் இருந்து வந்தது. கூலியில் 15,000 ரூபா குறைத்தேன். கொழும்புச் செலவோடு சேர்த்தால் 28,000, தூங்காத இரவுகளுக்கு விலை போடவில்லை. அக்கா வந்து பக்கங்களைப் புரட்டினார். கன்னியாப் படத்தில் விரலை வைத்து, "இது மட்டும் ஏன் பிள்ளை பளபளக்குது?" என்று கேட்டார். போனால் எடுத்தபோது பிளாஸ்டிக் உறையில் விழுந்த வெளிச்சம். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன், துப்புரவாக்க உட்கார்ந்ததில் இருந்து.

அக்கா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "அம்மாவும் இப்பிடித்தான். துப்புரவாக்கிறன் எண்டு தொடங்கி, ஒருக்கா அப்பாவின்ர பென்சன் கொப்பியையும் சேர்த்து எரிச்சுப் போட்டா." பிறகு கல்வெட்டுக் கட்டைத் தூக்கி ஓட்டோவில் வைத்தார்.